பீரோவில் இருக்கும் துப்பாக்கி யாருடையது? ஆயுத உரிமம் பற்றி ஒரு எளிய விளக்கம்

பெரியப்பாவுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. வந்த சொந்தபந்தம் எல்லாம் கிளம்பிய பிறகு, சாயங்காலம் காபி கொடுத்துக்கொண்டே பெரியம்மா அந்தப் பேச்சை எடுத்தார். "பீரோவுல அவரு துப்பாக்கி இருக்கேப்பா, அதை என்ன பண்றது?"

அதுவரை எங்கள் யாருக்கும் அது நினைவிலேயே இல்லை. தேனி மாவட்டத்தில் மேகமலை அடிவாரத்தை ஒட்டி எங்கள் ஊர். பெரியப்பாவுக்கு அங்கே தென்னந்தோப்பும் கொஞ்சம் வாழையும் உண்டு. இளவயதில் வாங்கிய ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்றை லைசென்ஸோடு வைத்திருந்தார். பீரோவைத் திறந்து பார்த்தோம். பழைய வேட்டியில் சுற்றிய துப்பாக்கி, இனிப்பு டப்பா ஒன்றில் ஏழு தோட்டா, ரப்பர் பேண்ட் போட்ட லைசென்ஸ் புத்தகம். குழலில் எண்ணெய் வாசனை இன்னும் இருந்தது.

அங்கேயே மூன்று யோசனைகள் வந்தன. மாமா ஒருவர், "பரண்ல போட்டுருங்க, யாரு வந்து கேக்கப் போறா" என்றார். அத்தைக்கு அதைப் பார்க்கவே பயம். "கிணத்துல தூக்கிப் போட்டுருங்கப்பா" என்றார். பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், "லைசென்ஸ்தான் இருக்கே, இனிமே நான் வச்சுக்கிறேன்" என்றார்.

மூன்றுமே தவறு. அதிலும் அண்ணன் சொன்னது கேட்பதற்கு மிக இயல்பாக இருப்பதால் அதில்தான் ஆபத்து அதிகம். வீடு, நிலம், நகை, வண்டி எல்லாம் வாரிசுக்கு வருகிற மாதிரி துப்பாக்கியும் ஒரு பொருளாக வாரிசுக்கு வரும். ஆனால் அதைக் கையில் வைத்திருக்கும் அனுமதி வராது. அந்த அனுமதி ஒரு ஆளுக்குக் கொடுத்தது, அந்த ஆளோடு அது முடிந்துபோகிறது. பெரியப்பா மூச்சு நின்ற அந்த நிமிடத்திலிருந்து பீரோவில் இருந்தது லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி. இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் ஆயுதச் சட்டத்தில் பாதி புரிந்த மாதிரி. மீதியைத்தான் கீழே சொல்லப்போகிறேன்.

இந்தியாவில் துப்பாக்கி வைத்துக்கொள்வது உரிமை அல்ல. அமெரிக்காவில் அது அரசியலமைப்பில் எழுதப்பட்ட உரிமை. நம் அரசியலமைப்பில் அப்படி எதுவும் இல்லை. 2023 பிப்ரவரியில் உரிமம் இல்லாத ஆயுதங்கள் பற்றி உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து விசாரித்தபோதும் இந்த வேறுபாட்டைச் சுட்டிக்காட்டியது. ஆயுதச் சட்டம், 1959 சொல்வது இவ்வளவுதான்: உரிமம் இல்லாமல் யாரும் துப்பாக்கியோ தோட்டாவோ வாங்கக் கூடாது, வைத்திருக்கக் கூடாது, எடுத்துச் செல்லக் கூடாது. இதுதான் மூன்றாம் பிரிவு. மற்ற எல்லாப் பிரிவும் இதைச் சுற்றித்தான் வருகின்றன.

இந்தச் சட்டத்துக்கு முன்னால் இருந்தது 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம். வைஸ்ராய் லிட்டன் காலத்தில் வந்தது. அதில் இந்தியர்களுக்கு மட்டும் உரிமம் தேவை, ஐரோப்பியர்களுக்கு விலக்கு. 1857க்குப் பிறகு ஆங்கிலேயருக்கு இருந்த பயம் அப்படி. விடுதலைக்குப் பிறகு அந்தப் பாகுபாட்டை எடுத்துவிட்டு 1959இல் புதுச் சட்டம் போட்டார்கள். 1962 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. விண்ணப்பம், படிவம், பாதுகாப்பு போன்ற நுணுக்கங்களுக்கு இப்போது இருப்பது ஆயுத விதிகள், 2016.

ஒரே ஒரு இடத்தில் கதை வேறு. பக்கத்துக் கர்நாடகத்தின் குடகில், அந்த மண்ணின் மக்களான கொடவர்களுக்கும் ஜம்மா என்ற பரம்பரை உரிமை நிலம் வைத்திருப்பவர்களுக்கும் ஆங்கிலேயர் காலத்திலிருந்தே உரிமத்திலிருந்து விலக்கு உண்டு. அங்கே துப்பாக்கி வீட்டுத் தெய்வம் மாதிரி, அதற்கென்று கைல்போத் என்ற பண்டிகையே இருக்கிறது. அந்த விலக்கை மத்திய அரசு 2029 வரை நீட்டித்திருக்கிறது. தமிழ்நாட்டில் இருக்கும் நமக்கு அப்படி எந்த விலக்கும் இல்லை.

நம் ஊர்ப்பக்கம் உரிமம் வைத்திருப்பவர்களும் குறைவு. 2016 டிசம்பர் கடைசி நிலவரப்படி, உள்துறை அமைச்சகக் கணக்கில் நாடு முழுக்கச் சுமார் 33.69 லட்சம் உரிமங்கள். உத்தரப் பிரதேசத்தில் மட்டும் 12.77 லட்சம். தமிழ்நாட்டில் சுமார் 22,500. நம்மில் பலர் நேரில் பார்த்த ஒரே துப்பாக்கி வங்கி வாசலில் நிற்கும் காவலாளியின் இரட்டைக்குழல்தான். அதனாலேயே இதுபற்றி விவரம் கேட்கக்கூட பக்கத்தில் ஆள் கிடைப்பதில்லை.

பெரியப்பாவின் புத்தகத்தை அன்று ராத்திரி உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் புரட்டினேன். முதல் பக்கத்தில் மீசை கருகருவென்று இருக்கும் பெரியப்பாவின் புகைப்படம், அதன் மேல் பாதி விழுந்த ரப்பர் முத்திரை. பெயர், தகப்பனார் பெயர், முகவரி. துப்பாக்கி எந்த வகை, அதில் பொறித்திருக்கும் எண் என்ன என்ற குறிப்பு. எதற்காக வைத்திருக்கிறார் என்ற இடத்தில் பயிர்ப் பாதுகாப்பு, தற்காப்பு. எந்த எல்லைக்குள் செல்லும் என்ற இடம். ஒரு சமயத்தில் எத்தனை தோட்டா வைத்திருக்கலாம், ஓராண்டில் எத்தனை வாங்கலாம் என்று இரண்டு எண்கள். அப்புறம் வரிசையாக மூன்று மூன்று வருடத்துக்கு ஒரு புதுப்பிப்பு முத்திரை. கடைசி முத்திரை மட்டும் ஐந்து வருடம்.

உரிமம் என்றால் என்ன என்று இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. இந்த ஆள், இந்த எண் போட்ட துப்பாக்கி, இந்தக் காரணம், இந்த எல்லை, இவ்வளவு தோட்டா, இந்தத் தேதி வரை. இதில் ஒன்று மாறினாலும் அலுவலகத்தில் சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும். வீடு மாறினால்கூட அப்படித்தான். தமிழ்நாட்டுக்குள் மட்டும் செல்லும் உரிமத்தோடு கேரள எல்லையைத் தாண்டினால், அங்கே நீங்கள் உரிமம் இல்லாதவர்.

கடைசி முத்திரை ஐந்து வருடமானதற்குக் காரணம் 2019 டிசம்பரில் வந்த சட்டத் திருத்தம். அதுவரை உரிமம் மூன்று வருடத்துக்குத்தான். அதே திருத்தம்தான் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. மூன்றாவது வைத்திருந்தவர்கள் ஒரு வருடத்துக்குள், அதாவது 2020 டிசம்பருக்குள், ஒப்படைக்க வேண்டியிருந்தது. தாத்தா காலத்துத் துப்பாக்கி, பரம்பரைச் சொத்து என்றாலும் அந்த இரண்டு என்ற வரம்பு பொருந்தும். போட்டிகளில் சுடும் வீரர்களுக்கு மட்டும் தனி விதிகள். இப்போது ஒவ்வொரு உரிமதாரருக்கும் தேசிய ஆயுத உரிமத் தரவுத்தளத்தில் ஒரு தனி அடையாள எண்ணும் உண்டு. பழைய புத்தகம் வைத்திருப்பவர்கள் அந்த எண் ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது இல்லாத புத்தகம் செல்லாது.

துப்பாக்கி என்று பொதுவாகச் சொன்னாலும் எல்லாமே ஒன்றல்ல. போர் என்பது குழலின் உள்விட்டத்தைக் குறிக்கும் சொல். .22, .32 என்றால் உள்விட்டம் அத்தனை அங்குலம் என்று தோராயமாக எடுத்துக்கொள்ளலாம். பன்னிரண்டு போர் என்பது வேறு கணக்கு. ஒரு பவுண்டு ஈயத்தைச் சரிசமமாகப் பன்னிரண்டு உருண்டையாக உருட்டினால், ஒரு உருண்டை நுழையும் அளவுள்ள குழல். பெரியப்பாவுடையது அதுதான், வங்கிக் காவலாளி வைத்திருப்பதும் பெரும்பாலும் அதுதான்.

சட்டத்துக்கு முக்கியமான பிரிவினை தடைசெய்யப்பட்டது, தடைசெய்யப்படாதது என்பதே. 9 எம்.எம். பிஸ்டல், .303 ரைபிள் போல ராணுவமும் காவல்துறையும் பயன்படுத்தும் போர்கள் தடைசெய்யப்பட்டவை. அரசுத் தோட்டா வெளியே கசிந்து தனியார் துப்பாக்கிக்குள் போய்விடக் கூடாது என்பது இதன் பின்னால் உள்ள யோசனை. தானாக அடுத்தடுத்துச் சுடும் துப்பாக்கிகளும் இந்த வகைதான். உயிருக்குக் கடுமையான, உடனடி ஆபத்து இருக்கிறது என்று நிரூபித்தால் மட்டும், அதுவும் மத்திய உள்துறை அமைச்சகம் பார்த்துத்தான் இதற்கு உரிமம் தரும். சாதாரண மனிதர்கள் விண்ணப்பிப்பது தடைசெய்யப்படாத வகைக்கு. கான்பூர் தொழிற்சாலையின் .32 ரிவால்வர், இச்சாப்பூரின் .315 ரைபிள், பன்னிரண்டு போர் எல்லாம் இதில் வரும். நம்மூரில் இதற்கு மாவட்ட ஆட்சியரிடம் போக வேண்டும், சென்னை போன்ற மாநகரங்களில் காவல் ஆணையரிடம்.

ஏர் கன் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். 0.177 அங்குலத்துக்கு, அதாவது 4.5 மில்லிமீட்டருக்கு மேற்படாத போர், குண்டு வெளியேறும் வேகத்தின் ஆற்றல் 20 ஜூலுக்கு மேற்படாதது என்றால் உரிமம் வேண்டாம். அடையாளச் சான்றைக் காட்டி வாங்கலாம். ஒலிம்பிக்கில் இளவேனில் வாலறிவன் சுடும் 10 மீட்டர் ஏர் ரைபிளும் இந்த 4.5 மில்லிமீட்டர்தான். புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் வானத்தில் பறக்கும் தட்டைச் சுடுகிறாரே, அது பன்னிரண்டு போர், அதற்கு உரிமம் கட்டாயம். உரிமம் வேண்டாத ஏர் கன்னாக இருந்தாலும் அதை வைத்துக் கொக்கையோ குரங்கையோ சுட்டால் வனவிலங்குச் சட்டம் வந்து நிற்கும். விளையாட்டுப் பொருள் மாதிரி பிள்ளைகள் கையில் கொடுத்துவிடாதீர்கள்.

சரி, உரிமம் வேண்டும் என்றால் என்ன செய்வது? 21 வயது முடிந்திருக்க வேண்டும். வன்முறைக் குற்றத்திலோ ஒழுக்கக்கேடான குற்றத்திலோ சிறைத் தண்டனை பெற்றவர் என்றால், தண்டனை முடிந்து ஐந்து வருடம் வரை கேட்கவே முடியாது. நன்னடத்தைப் பிணையில் இருப்பவருக்கும், மனநலம் சரியில்லாதவருக்கும் கிடையாது. சொத்து இல்லை என்பதற்காக மட்டும் மறுக்கக் கூடாது என்று பதினான்காம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. எனக்கு மிகவும் பிடித்த வரி இது. துப்பாக்கி பண்ணையார் வீட்டுக்குத்தான் என்ற பழைய நினைப்பைச் சட்டம் ஏற்கவில்லை.

விண்ணப்பம் இப்போது இணைய வழியில். கூடவே அடையாளம், முகவரி, மருத்துவச் சான்று. அந்த மருத்துவச் சான்றில் உடம்பு மட்டுமல்ல, மனநிலையையும் போதைப் பழக்கம் இல்லை என்பதையும் மருத்துவர் எழுதித் தர வேண்டும். துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சி முடித்த சான்றும், பத்திரமாகப் பூட்டி வைப்பேன் என்ற உறுதிமொழியும் வேண்டும். பயிற்சிக்குப் பலரும் போவது ரைபிள் கிளப்புக்குத்தான். இதை வெறும் காகிதச் சடங்காக நினைக்காதீர்கள். குழலை எந்தப் பக்கம் பிடிப்பது, குண்டு உள்ளே இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது என்று தெரியாமல் ஒரு துப்பாக்கி வீட்டுக்குள் வந்தால், அதனால் முதலில் ஆபத்து அந்த வீட்டுக் குழந்தைகளுக்கே.

அப்புறம் விசாரணை. காவல் நிலையத்திலிருந்து அறிக்கை போக வேண்டும், விதிப்படி அதற்கு 30 நாள். வருவாய்த் துறையும் விசாரிக்கும், காட்டோர ஊர் என்றால் வனத்துறையிடமும் கேட்பார்கள். ஏட்டு தெருவுக்கு வந்து பக்கத்து வீட்டில் விசாரிப்பார். வழக்கு ஏதும் உண்டா, குடிப்பழக்கம் உண்டா, வரப்புத் தகராறு இருக்கிறதா? இந்தக் கேள்விகள் சிலருக்கு அவமானமாகப் படுகின்றன. படக் கூடாது. பங்காளிச் சண்டை நடக்கும் வீட்டில் ஒரு பக்கத்துக் கையில் துப்பாக்கி வந்தால் என்ன ஆகும் என்பதைத்தான் அவர் பார்க்கிறார்.

விண்ணப்பத்தில் எல்லாவற்றையும்விட முக்கியம் காரணம். ஏன் வேண்டும்? ஆசையாக இருக்கிறது, அந்தஸ்து என்பதெல்லாம் காரணமே இல்லை. தோட்டத்தில் தனியாகக் குடியிருக்கிறேன், கையில் பெரும்பணம் கொண்டுபோகும் தொழில், இன்னாரிடமிருந்து மிரட்டல் வந்து புகார் கொடுத்திருக்கிறேன், இரண்டு வருடமாகத் துப்பாக்கி சுடும் போட்டிகளில் தொடர்ந்து கலந்துகொள்கிறேன் என்று சான்றோடு சொல்ல வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். பொது நலனுக்கு ஆகாது என்று கருதினாலொழிய, கேட்டால் அதை உங்களுக்குத் தர வேண்டும். மேல்முறையீட்டுக்கும் வழி உண்டு. இடைத்தரகர் ஒருவர் "நான் வாங்கித் தர்றேன்" என்று பணம் கேட்டால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள்.

உரிமம் கைக்கு வந்த பிறகுதான் துப்பாக்கி வாங்க முடியும், அதுவும் உரிமம் பெற்ற கடையில். கடைக்காரர் எண்ணைப் புத்தகத்தில் ஏற்றுவார், தோட்டா வாங்கும்போதெல்லாம் எத்தனை என்று எழுதுவார். துப்பாக்கியை உரிமம் இல்லாத யார் கையிலும் கொடுக்கக் கூடாது. பழுதுபார்க்கவோ உரிமத்தைப் புதுப்பிக்கவோ வேறொருவர் எடுத்துப் போக வேண்டுமானால், உரிமதாரர் கூடவே இருக்க வேண்டும் அல்லது எழுதிக் கொடுக்க வேண்டும். தொலைந்தால் உடனே காவல் நிலையத்தில் புகார். புதுப்பிக்கும் தேதிக்கு இரண்டு மாதம் முன்பே விண்ணப்பித்துவிடுவது நல்லது. காலாவதியான உரிமத்தோடு துப்பாக்கியை வீட்டில் வைத்திருந்தால் அதுவும் உரிமம் இல்லாமல் வைத்திருப்பதுதான்.

கல்யாண ஊர்வலத்தில், விழாக் கூட்டத்தில் வானத்தைப் பார்த்துச் சுடுவது வடநாட்டுப் பழக்கம் என்று நினைக்கிறோம். உரிமம் உள்ள துப்பாக்கியானாலும், கொண்டாட்டத்துக்காகப் பிறர் உயிருக்கு ஆபத்து வரும்படி சுட்டால் இரண்டு வருடம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மேலே போன குண்டு எங்கேயாவது கீழே இறங்கியே ஆக வேண்டும்.

தோட்டா பற்றி ஒரு தனி எச்சரிக்கை. துப்பாக்கியே இல்லாமல் ஒரே ஒரு தோட்டா வைத்திருந்தாலும் அது உரிமம் இல்லாத ஆயுத வழக்குதான். ராணுவத்தில் இருந்த மாமா நினைவாகக் கொடுத்தது, பழைய பையின் ஓரத்தில் கிடந்தது என்று விமான நிலையச் சோதனையில் பிடிபடுகிறவர்கள் உண்டு. வைத்திருப்பது என்றால் தெரிந்து வைத்திருப்பது என்று 1972லேயே குன்வந்த்லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தெரியாமல் இருந்தது என்று காட்டினால் தப்பலாம். ஆனால் அதைக் காட்டுவதற்குள் விமானம் போயிருக்கும், வழக்கறிஞர் கட்டணம் வந்திருக்கும். பழைய வீட்டைச் சுத்தம் செய்யும்போது அலமாரி மூலையைத் தடவிப் பாருங்கள்.

எங்கள் மாதிரி மலையடிவாரக் காரர்களுக்கு உண்மையான பிரச்சினை காட்டுப்பன்றி. ராத்திரியில் பத்துப் பன்னிரண்டு சேர்ந்து வந்தால், விடியும்போது மரவள்ளிக் காடு உழுது போட்ட மாதிரி கிடக்கும். நட்டது, தண்ணீர் பாய்ச்சியது, கடன் வாங்கியது எல்லாம் ஒரே ராத்திரியில் போகும். அந்த வயிற்றெரிச்சல் எனக்குத் தெரியும். பயிர்ப் பாதுகாப்புக்கு முன்னால் கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கிக்கு உரிமம் கேட்கச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. குழாயின் வாய்வழியாகக் கரிமருந்தும் ரவை என்கிற சின்னச் சின்ன ஈயக் குண்டுகளும் போட்டு இடிக்கும் வகை அது. பயிரைக் காக்க அது போதாது என்று அதிகாரி கருதினால் வேறு வழவழப்புக் குழல் துப்பாக்கிக்கும், அதாவது ரைபிள் மாதிரி குழலுக்குள் சுழல் வரிப்பள்ளம் இல்லாததற்கும், தரலாம்.

ஆனால் இங்கே இரண்டு சட்டங்கள் குறுக்கிடுகின்றன. ஆயுத உரிமம் துப்பாக்கி வைத்திருக்கத்தான் அனுமதி, விலங்கைக் கொல்ல அனுமதி அல்ல. காட்டுப்பன்றி 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வரும் விலங்கு. உரிமத்தோடு சுட்டாலும் வனத்துறை வழக்கு வரும், உரிமமும் போகும். 2025 தொடக்கத்தில் தமிழ்நாடு அரசு ஒரு முடிவை அறிவித்தது. காப்புக் காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு மேல் வெளியே வரும் பன்றிகளைச் சுடலாம், ஆனால் சுடுவது வனத்துறை ஆட்கள். ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் என்றால் பிடித்துக் காட்டில் விட வேண்டும். ஒரு கிலோமீட்டருக்குள் ஒன்றும் செய்யக் கூடாது. விவசாயி கையில் துப்பாக்கி இருக்கிறதா என்பதே இந்த அறிவிப்பில் பேச்சு இல்லை. இதைச் செய்தியில் அரைகுறையாகக் கேட்டுவிட்டு, "பன்னியச் சுடலாமாம்ல" என்று என்னிடம் கேட்டவர்கள் பலர். அவர்களுக்காகவே இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. சரணாலயத்திலிருந்து பத்துக் கிலோமீட்டருக்குள் குடியிருக்கும் உரிமதாரர், தன் பெயரை வனத்துறையில் பதிவு செய்ய வேண்டும். புதிதாக அந்தப் பத்துக் கிலோமீட்டருக்குள் உரிமம் கொடுக்க, தலைமை வன உயிரினக் காப்பாளரின் முன் ஒப்புதல் வேண்டும். வனவிலங்குச் சட்டத்தின் 34ஆம் பிரிவு. மேகமலையும் ஸ்ரீவில்லிபுத்தூரும் சேர்ந்து 2021இல் புலிகள் காப்பகம் ஆனதிலிருந்து எங்கள் பக்கம் இது இன்னும் கறாராகப் பார்க்கப்படுகிறது. பெரியப்பாவின் புத்தகத்துக்குள் நான்காக மடித்த ஒரு காகிதம் இருந்தது. வனத்துறைப் பதிவு. மனிதர் எல்லாவற்றையும் முறையாகத்தான் வைத்திருந்தார்.

லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கி மலையோரக் கிராமங்களில் இன்னமும் இருக்கிறது என்பது ரகசியம் அல்ல. கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் காவல்துறையே, இன்ன தேதிக்குள் கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள், வழக்குப் போட மாட்டோம் என்று தண்டோரா போட்டுச் சொன்ன காலங்கள் உண்டு. அப்படி ஒரு வாய்ப்பு வரும்போது கொடுத்துவிடுவதைவிட நல்ல முடிவு கிடையாது. பட்டறையில் அடித்த குழல் எப்போது வெடித்துச் சுடுகிறவர் கையையே கொண்டுபோகும் என்று சொல்ல முடியாது.

தேர்தல் வந்தால் உரிமதாரர்களுக்கு ஒரு வேலை உண்டு. தேர்தல் ஆணையத்தின் அறிவுறுத்தல்படி, துப்பாக்கிகளைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைக்கச் சொல்வார்கள். யாரிடம் வாங்க வேண்டும் என்று முடிவு செய்ய மாவட்டத்தில் ஒரு குழு இருக்கும். வங்கிக் காவலுக்கு உள்ளவை போன்றவற்றுக்கு விலக்குத் தருவார்கள். பெரியப்பா சட்டமன்றம், நாடாளுமன்றம், உள்ளாட்சி என்று ஒவ்வொரு தடவையும் துப்பாக்கியைச் சாக்கில் சுற்றி, டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வருவார். முடிவு வந்து ஒரு வாரம் கழித்துத் திரும்ப வாங்கி வருவார். அந்த ரசீதுகள்கூட புத்தகத்தில் இருந்தன.

மறுபடி பதினாறாம் நாளுக்கு வருகிறேன். உரிமதாரர் இறந்துவிட்டால், உரிமம் காலாவதியாகிவிட்டால், ரத்தானால், எதுவானாலும் தாமதிக்காமல் துப்பாக்கியையும் தோட்டாவையும் பக்கத்துக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும். இது 21ஆம் பிரிவு. ஒப்படைத்ததால் உரிமை போய்விடாது. வாரிசு தன் பெயரில் உரிமம் வாங்கினால் திரும்பப் பெறலாம், இல்லையென்றால் உரிமம் உள்ள வேறொருவருக்கோ கடைக்கோ விற்றுப் பணத்தை எடுத்துக்கொள்ளலாம். காலக்கெடுவைத் தாண்டிக் கேட்பார் இல்லாமல் கிடந்தால் அரசுக்குப் போய்விடும்.

வாரிசு உரிமம் என்பது தானாக மாறும் பெயர் மாற்றம் அல்ல. அதே வயது, அதே பயிற்சி, அதே மருத்துவச் சான்று, அதே காவல் விசாரணை. கூடுதலாக இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் ஆட்சேபணை இல்லை என்ற கையெழுத்து. உயிரோடு இருக்கும்போதே மாற்றவும் வழி உண்டு. உரிமதாரருக்கு 70 வயதானாலோ, துப்பாக்கி வாங்கி 25 வருடம் ஆனாலோ, இதில் எது முந்தியோ அப்போது, வாரிசு தன் பெயருக்குக் கேட்கலாம். வீட்டில் வயதான உரிமதாரர் இருந்தால் இதை இப்போதே பேசிவிடுங்கள். துக்க வீட்டில் யாரும் ஆயுதச் சட்டம் படித்துக்கொண்டிருக்க முடியாது.

மறுநாள் காலை முதலில் நிலையத்துக்குத் தொலைபேசியில் தகவல் சொன்னேன். அவர்கள் சொன்னபடி அண்ணனும் நானும் புத்தகத்தையும் இறப்புச் சான்றையும் எடுத்துக்கொண்டு, துப்பாக்கியையும் தோட்டாவையும் தனித்தனியாகக் கட்டிப் போனோம். ரைட்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குழலில் பொறித்த எண்ணைப் புத்தகத்தோடு ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்த்தார். டப்பாவைக் கவிழ்த்துத் தோட்டாவை எண்ணினார். "ஏழு. புத்தகத்துல கடைசியா வாங்கினது பத்துன்னு இருக்கே தம்பி, மீதி மூணு?" என்றார். அண்ணனுக்குத் தெரியவில்லை. பெரியம்மாவுக்குப் போன் போட்டோம். வாழைத் தோப்புக்குள் பன்றி இறங்கிய ஒரு மழை ராத்திரி, விரட்டுவதற்காகச் சத்தம் வர மேலே பார்த்து மூன்று தடவை சுட்டாராம். ரைட்டர் அதையும் எழுதிக்கொண்டு, எண்ணிக்கை போட்டு ரசீது கொடுத்தார்.

அண்ணன் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறார். தோப்பில் குடியிருக்கப் போவதில்லை. என்ன காரணம் என்று விண்ணப்பத்தில் எழுதுவது என்று இரண்டு நாள் யோசித்தார். எழுத ஒன்றும் இல்லை. தங்கையும் பெரியம்மாவும் கையெழுத்துப் போட, அடுத்த சில மாதங்களில் அனுமதி வாங்கி, மதுரையில் உரிமம் உள்ள ஒரு கடைக்கு அதை விற்றுவிட்டார். ரசீதும் புகைப்படம் ஒட்டிய அந்தப் பழைய புத்தகத்தின் ஒரு நகலும் பெரியம்மாவிடம் இருக்கின்றன.